பூடிக்காவுக்கு இனிமையான குரல் இல்லை

வெர்சிங்கெடொரிக்ஸ் என்ற பெயரைத் திக்காமல் ஒரே மூச்சில் சொன்னதால்தான் எனக்கு பெங்களூர் போகும் வாய்ப்பு வந்தது என்று என் தங்கை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். அதில் பாதி உண்மை. யாழ்ப்பாணத்தில் வானொலி அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, கல்யாண வீடியோக்களுக்கும் நகைக்கடை விளம்பரங்களுக்கும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியில் சிறுவர்களுக்கு ஒலிப்புத்தகம் தயாரிக்கும் ஒரு நிறுவனம், கெல்டிக் வரலாற்றின் முக்கியமான நாள்களையும் மனிதர்களையும் பற்றித் தமிழில் ஒரு தொகுப்பு செய்ய ஆள் தேடியது. ஃபோனிலேயே குரல் சோதனை வைத்தார்கள். பெயர்களைப் பார்த்து மற்றவர்கள் ஓடியிருக்க வேண்டும். நான் நின்றேன்.

கெல்ட் மக்களைப் பற்றி அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. புறப்படுவதற்கு முன் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ரோமாபுரிப் படைகள் வருவதற்கு முன் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பரவிக் கிடந்த குலங்கள் அவர்கள். இன்று அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, பிரான்சின் மேற்கு மூலை என்று கரையோரங்களில்தான் அவர்களுடைய மொழிகள் மிஞ்சியிருக்கின்றன. ஆரம்ப காலத்தில் அவர்கள் தங்களைப் பற்றி எழுதி வைக்கவில்லை. அவர்களை வென்றவர்கள் எழுதினார்கள். இதைப் படித்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கொழும்பிலிருந்து விமானம் பெங்களூர் வர எடுத்த நேரத்தைவிட, விமான நிலையத்திலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி போக எடுத்த நேரம் அதிகம். இரண்டும் நகரத்தின் இரண்டு முனைகள். ஓசூர் சாலைக்கு வந்ததும் டாக்ஸிக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“மேடம், மேல போனா டோல், கீழ போனா டைம். எது வேணும்?”

மேலேயே போகச் சொன்னேன். தூண்களின் மேல் ஏறிய சாலை, மாடி வீடுகளின் ஜன்னல்களை உரசுவதுபோல் ஓடியது. ஒரு வீட்டில் ஒருவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் இவ்வளவு உயரத்தில் போக வேண்டுமானால் கோயில் கோபுரத்தில் ஏற வேண்டும்.

தங்க வைத்தது ஒரு லேடீஸ் பி.ஜி.யில். பெண்கள் விடுதியைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். வாசலில் பெயர் எழுதச் சொன்னார்கள். ‘யோகேஸ்வரி’ என்று எழுதினேன். “யோகா மேடம்” என்று ஆக்கிவிட்டார்கள். மறுநாள் காலை நான் கண் விழித்தபோது, பக்கத்து அறைப் பெண் சைத்ரா கையில் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். கன்னடத்தில் ஏதோ கேட்டாள். என் அறைத்தோழி கீர்த்தனா திருவண்ணாமலைக்காரி, ஐ.டி. கம்பெனியில் வேலை. அவள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்: “வகுப்பு எத்தனை மணிக்குன்னு கேக்குறா.” எனக்குக் குனிந்து காலைத் தொடவே முடியாது என்று தெரிந்ததும் சைத்ராவுக்குப் பெரிய ஏமாற்றம். ஆனால் அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் என் பக்கத்து நாற்காலி அவளுடையது.

கீர்த்தனா என்னிடம், “நீங்க எவ்ளோ அழகா பேசுறீங்க மேடம்” என்றாள்.

“ஆரைப் பேசினனான்?” என்று பதறினேன். எங்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. சாதாரணமாக வாய் திறந்தால் அது கதைப்பது. அன்றிலிருந்து யாராவது என் பேச்சைப் பாராட்டினால் கீர்த்தனா, “திட்டலைங்க, கதைக்கிறாங்க” என்று விளக்கம் கொடுப்பாள். ஆனால் ஒரு வாரம் முடிவதற்குள் நான் இரண்டையுமே செய்ய வேண்டியிருந்தது.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். முதல் நாள் தவறுதலாக விழுந்தது என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் விழுந்தது. நான் பையில் கொண்டு போயிருந்த யாழ்ப்பாணத்துக் கறித்தூளை எடுத்துத் தூவிக்கொண்டேன். சைத்ரா தானும் ஒரு சிட்டிகை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். கண்ணீர் வழிய வழிய முழுத் தட்டையும் சாப்பிட்டு முடித்தாள். விட்டுக்கொடுக்காத பெண் என்று அப்போதே தெரிந்தது.

ஒலிப்பதிவுக் கூடம் பி.ஜி.க்கு அருகிலேயே ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. அங்கே என்னோடு வேலை செய்தவர்கள் இருவர். விக்னேஷ் தயாரிப்பாளர், வேலூர்ப் பக்கம் சொந்த ஊர், முப்பது வயதிருக்கும். எதற்கும் “அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மேடம்” என்பவர். ரோசி ஒலிப்பதிவாளர். பெங்களூரிலேயே, விவேக் நகரில் பிறந்து வளர்ந்தவள். தமிழில் தொடங்கி, கன்னடத்தில் திரும்பி, ஆங்கிலத்தில் முடிப்பாள். என் குரலைக் காதில் மாட்டிக் கேட்டவுடன், “சக்கத்தா இருக்கு கா” என்றாள். பிரமாதம் என்று அர்த்தமாம்.

முதலில் வெர்சிங்கெடொரிக்ஸ். இன்றைய பிரான்சில் இருந்த கெல்ட் குலங்களை ஒன்றுசேர்த்து சீசரை எதிர்த்தவன். கி.மு. 52இல் அலேசியா என்ற குன்றுக்கோட்டையில் முற்றுகையில் சிக்கி, தன் மக்களுக்காகச் சரணடைந்தான். ரோமில் பல ஆண்டுகள் சிறையில் வைத்து, சீசரின் வெற்றி ஊர்வலத்தில் காட்டிவிட்டுக் கொன்றார்கள். இவ்வளவும் நமக்குத் தெரிவது பெரும்பாலும் சீசரே எழுதி வைத்ததால்தான். என் கையில் கொடுத்த பிரதியில் அவனுடைய ஆட்கள் ‘காட்டுமிராண்டிகள்’ என்று இருந்தார்கள். நான் வாசிக்கும்போது ‘குலத்தவர்கள்’ என்று மாற்றினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விக்னேஷ் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, “ஒரு வார்த்தைதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்றார்.

பிறகு அயர்லாந்து மன்னன் பிரையன் போரு. 1014இல் க்ளான்டார்ஃப் போரில் அவன் படை வென்றது. அவன் தன் கூடாரத்திலேயே கொல்லப்பட்டான். இதில் சண்டை போட ஒன்றும் இல்லை. இரண்டு நாள் சுகமாகப் போயின.

ஞாயிற்றுக்கிழமை ரோசி விவேக் நகருக்குக் கூப்பிட்டாள். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. வெளியே மெழுகுவத்தி விற்பவர்கள் தமிழில் கூவ, வாங்குகிறவர்கள் கன்னடத்தில் பேரம் பேச, பூ விற்பவர் உருதுவில் யாரையோ விலகச் சொன்னார். ரோசியின் வீட்டில் மஞ்சள் சாதமும் கோலா உருண்டைக் குழம்பும். அவள் கணவர் மின்சார வேலை செய்பவர். அவர் கேட்டார்: “அந்தக் கதையில எல்லாம் நம்ம ஆளுங்க ஜெயிப்பாங்களா?” கெல்ட்களை அவர் ‘நம்ம ஆளுங்க’ ஆக்கிவிட்டார். பெரும்பாலும் தோற்பார்கள் என்றேன். “பேஜாரான கதை போலருக்கே” என்று இன்னொரு உருண்டையை என் தட்டில் வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் தனியாக ஏறினேன். கண்டக்டர் எல்லாப் பெண்களுக்கும் காசு வாங்காமல் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டே வந்து என்னிடம், “ஆதார்?” என்றார். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயணம் இலவசம், அதற்கு அந்த அடையாள அட்டை வேண்டும். இல்லை என்றேன். பெண்களில் நான் ஒருத்தி மட்டும் காசு கொடுத்துப் பயணம் செய்தேன். காசு கொடுத்த உரிமையில் நன்றாகத் தூங்கியும் விட்டேன். விழித்தபோது எலெக்ட்ரானிக் சிட்டி எப்போதோ போய்விட்டிருந்தது. ஆனேக்கல் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம். வெளியே ஒருவர் “ஓசூர், ஓசூர்” என்று கத்திக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் தூங்கியிருந்தால் தமிழ்நாட்டுக்கே போயிருப்பேன்.

அங்கே ஒரு கடையில் டீ குடித்தேன். பக்கத்தில் இரண்டு பேர் தெலுங்கில் வாக்குவாதம். டீ போட்ட அம்மா தமிழில் அவர்களை அடக்கினார். நான் பணம் கொடுக்கும்போது, “கேரளாவா?” என்றார். யாழ்ப்பாணம் என்றதும் கை நின்றது.

“இப்போ அங்க எப்படிம்மா? எல்லாம் முடிஞ்சி அமைதியாயிடுச்சாமே? டிவில சொன்னாங்க.”

“சத்தம் இல்லை அம்மா,” என்றேன்.

திரும்பும் பஸ் எது என்று காட்ட, அந்த அம்மா கடையை விட்டு இறங்கி வந்து கூடவே நடந்தார்.

திங்கள் மாலை கையில் பூடிக்காவின் பிரதி வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து ஒத்திகை பார்த்தேன். கீர்த்தனா, சைத்ரா, வேறு சில பெண்கள் தட்டோடு சுற்றி உட்கார்ந்தார்கள். பிரதி சொன்னது இதுதான்: பிரிட்டனின் கிழக்குப் பகுதியில் பூடிக்கா என்ற அரசி, வரி உயர்வை எதிர்த்துக் கலகம் செய்தாள். மூன்று நகரங்களைக் கொளுத்தினாள். கடைசிப் போருக்கு முன் படைக்கு ஒரு பிரசங்கம் செய்தாள். ரோமப் படை கலகத்தை அடக்கியது. அதன்பின் பிரிட்டனில் அமைதியும் நாகரிகமும் மலர்ந்தன.

கீர்த்தனா வரிக்கு வரி கன்னடத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். சைத்ரா முகத்தைச் சுளித்தாள். அவள் கேட்டதை கீர்த்தனா அப்படியே தமிழில் சொன்னாள்: “வரிக்காக ஒருத்தி மூணு ஊரை எரிப்பாளா? இவ வேற எதையோ மறைக்கிறா.”

“மறைக்கிறது அவள் இல்லைப் பிள்ளை,” என்றேன். பிரதியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நான் படித்ததைச் சொன்னேன். அவளுடைய கணவன் இசெனி என்ற குலத்தின் அரசன். சாகும்போது தன் நாட்டில் பாதியை ரோமச் சக்கரவர்த்திக்கும், மீதியைத் தன் இரண்டு மகள்களுக்கும் எழுதி வைத்தான். ரோமர்கள் முழுவதையும் பிடுங்கிக்கொண்டார்கள். கேட்ட அரசியைச் சவுக்கால் அடித்தார்கள். மகள்களை நாசமாக்கினார்கள். அதன்பிறகுதான், கி.பி. அறுபதிலோ அறுபத்தொன்றிலோ, அவள் பக்கத்துக் குலங்களையும் சேர்த்துக்கொண்டு கிளம்பினாள். லண்டனை எரித்தாள். இன்றும் அந்த நகரத்தின் அடியில் தோண்டினால் சிவந்து வெந்த மண் ஒரு படலமாக இருக்கிறது. எரித்த ஊர்களில் அவள் படையும் யாருக்கும் இரக்கம் காட்டவில்லை. கடைசிப் போரில் தோற்றாள். விஷம் குடித்தாள் என்கிறார் ஒருவர், நோயில் செத்தாள் என்கிறார் இன்னொருவர். இரண்டு பேரும் ரோமாபுரிக்காக எழுதியவர்கள்.

மேசையில் யாரும் சாப்பிடவில்லை. சைத்ரா ஒரு கேள்வி கேட்டாள். மொழிபெயர்க்காமலே எனக்கு அது புரிந்தது. ‘ஹெஸரு’ என்ற சொல் அதற்குள் பழகிவிட்டது. அந்த மகள்களின் பெயர் என்ன?

“தெரியாது,” என்றேன். “ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை.”

சைத்ரா எழுந்து தட்டைக் கழுவப் போனாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே அவள் கன்னடத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது கேட்டது. அது பேச்சுதான், கதை இல்லை.

மறுநாள் கூடத்துக்குள் போனதும் விக்னேஷிடம் சொன்னேன். “தம்பி, வரிக்காகக் கலகம் செய்தவள் எண்டு நான் வாசிக்க மாட்டன்.”

“மேடம், சின்னப் பசங்களுக்கானது. சவுக்கடி, அது இதெல்லாம் எப்படிப் போடறது?”

“விவரமாப் போட வேண்டாம். அவளையும் மகள்களையும் ரோமர்கள் கொடுமைப்படுத்தினவை. ஒரு வசனம் போதும். பிள்ளையளுக்கு உண்மையைச் சொல்ல வயது காணாதெண்டால் சொல்லாமல் விடுங்கோ. பொய்யை ஏன் சொல்லுறீங்கள்?”

விக்னேஷ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்த் தொகுப்புத் தலைவரைத் திரையில் அழைத்தார். தலைவர் வடக்கே ஒரு நகரத்தில் இருந்தார், தமிழ் தெரியாது. பின்னால் அழகான செடிகள். ஆங்கிலத்தில், பிரதி ஏற்கனவே ஒப்புதல் ஆனது, குரல் கலைஞர்கள் பிரதியை மாற்றுவது வழக்கமில்லை என்றார். எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனாலும் தமிழில்தான் பதில் சொன்னேன். தமிழ்த் தொகுப்புக்குத் தலைவரென்றால் தமிழ் அவர் காதில் விழட்டுமே.

“இது பொய். என்ரை குரலிலை பொய் போகாது எண்டு சொல்லுங்கோ, தம்பி.”

விக்னேஷ் ஆங்கிலத்தில், மேடத்துக்கு இந்த வாக்கியத்தில் சிறிய தயக்கம் இருக்கிறது என்றார்.

“தம்பி! நான் தயங்கேல்லை. நான் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ.”

விக்னேஷின் காது சிவந்துவிட்டது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அப்படியே சொன்னார். திரையில் தலைவர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். பொறுமையாகவே பேசினார் என்று சொல்ல வேண்டும். வரலாறு என்பது எப்போதும் இப்படித்தான் எளிமையாக்கப்படுகிறது, அந்த அரசி தோற்றுப்போனவள், தோற்றவர்களின் மனவருத்தத்தை இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகு யார் கேட்கப் போகிறார்கள் என்றார்.

மைக்கின் தண்டைப் பிடித்துக்கொண்டேன்.

“தோத்த ஆக்கள் நாங்கள் உலகத்திலை நிறையப் பேர் இருக்கிறம். நாங்கள் கேப்பம். எங்கடை பிள்ளையளும் கேக்கும்.”

விக்னேஷ் இந்தத் தடவை எதையும் மழுப்பவில்லை. சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

தலைவர் முகத்தைத் திருப்பி, என்னோடு பேசுவதை விட்டுவிட்டு, ரோசியிடம் பேசினார். இதுவரை பதிவான சுத்தமான ஒலி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். நிறைய இருக்கிறது என்றாள் ரோசி. அப்படியானால் அந்தக் கோப்புகளை இன்றே அனுப்பிவிடு, மீதியை இயந்திரம் இதே குரலில் வாசித்துவிடும், இவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. ரோசிதான் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, உங்க வாய்ஸை மெஷினுக்குக் குடுத்தா அதுவே கத்துக்கும். நீங்க சொல்லாததைக்கூட நீங்க சொன்ன மாதிரியே சொல்லும்.”

நான் கண்ணாடிக் கதவைத் திறந்து அந்தப் பக்கமே போய்விட்டேன். இப்போது திரைக்கும் எனக்கும் நடுவில் எதுவும் இல்லை.

“பூடிக்கா போருக்கு முன்னாலை ஒரு பிரசங்கம் செய்தவள் எண்டு உங்கடை பிரதியிலை இருக்கு. அந்தப் பிரசங்கத்தை எழுதினது ரோமாபுரியான். அவள் என்ன சொன்னவள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. செத்த மனிசியின்ரை வாயிலை அவங்கள் தங்கடை வார்த்தையை வைச்சாங்கள். நான் உயிரோடை நிக்கிறன். என்ரை வாயிலை வைக்க விடமாட்டன். இதுவரை வாசிச்சதையும் பாவிக்கக் கூடாது. சம்பளம் வேண்டாம்.”

தலைவர் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. “ரோசி, கோப்புகள்,” என்றார்.

ரோசி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவளுக்கு வீட்டுக் கடன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவள் கணவர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அவள் ஆங்கிலத்தில், மிக மரியாதையாக, “அவர் சம்மதிக்கவில்லை சார். நான் அனுப்ப மாட்டேன்,” என்றாள்.

திரை அணைந்தது. இணைப்புப் போனதா, அவரே அணைத்தாரா தெரியவில்லை.

மூன்று பேரும் கீழே வந்து சாலையோரக் கடையில் சித்ரான்னம் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டோம். கம்பெனி வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. விக்னேஷ் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு, ஃபோனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். நீண்ட நேரம் பேசினார். ஒரு கையால் காற்றில் எதையோ வெட்டி வெட்டிப் பேசினார். ‘அட்ஜஸ்ட்’ என்ற சொல் எங்கள் காதில் ஒரு தடவைகூட விழவில்லை.

திரும்பி வந்தவர் வியர்த்திருந்தார். “ஓகே மேடம். பள்ளிக்கூடங்களுக்குத் தேதி குடுத்தாச்சு, வேற குரல் தேட டைம் இல்லை. சம்மதம் இல்லாம மெஷின்ல போட்டா கேஸ் ஆகும்னு சொன்னேன். வரிக்காகக் கலகம்ங்கிறது வேணாம். நீங்க சொன்ன வாக்கியம் போடலாம். நாகரிகம் மலர்ந்ததையும் எடுத்துடலாம். இன்னிக்கே முடிக்கணுமாம்.”

ரோசி கை கழுவிய தண்ணீரை அவர்மேல் தெளித்தாள்.

லிஃப்ட்டில் ஏறும்போது விக்னேஷ் தொண்டையைச் செருமினார். “ஒண்ணே ஒண்ணு மேடம். அவர் ரொம்பக் கோவத்துல இருந்தாரு. அதனால, நீங்க ஸாரி சொன்னதா ஒரு வார்த்தை சொல்லிட்டேன்.”

“நான் சொன்னனானா?”

“இல்ல.”

“அப்ப திருப்பி எடுங்கோ.”

“மேடம், வேலை நடந்துடுச்சே. சும்மா ஒரு பேச்சுக்கு...”

“நான் மைக்குக்கு முன்னாலை போகமாட்டன், தம்பி.”

லிஃப்ட் நின்றது. கதவு திறந்து, மூடி, மறுபடி திறந்தது. விக்னேஷ் அங்கேயே நின்று ஃபோனில் தட்டினார். அனுப்பியதை என்னிடம் காட்டினார். ‘மன்னிப்புக் கேட்டதாக நான் சொன்னது என் தவறு, அவர் கேட்கவில்லை’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. பதில் ஏதும் வரவில்லை. படித்துவிட்டார் என்பதற்கு அடையாளமான இரண்டு நீலக் கோடுகள் மட்டும் வந்தன.

மைக்கின் முன் உட்கார்ந்தபோது என் குரல் போய்விட்டிருந்தது. காலையிலிருந்து கத்தியதில் அடித்தொண்டை அரத்தால் ராவியதுபோல் இருந்தது. ரோசி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, “கொஞ்சம் கரகரன்னு இருக்கு கா. வெந்நீர் வரவழைக்கட்டுமா? நாளைக்கு வேணா எடுத்துக்கலாம், ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்” என்றாள்.

“வேண்டாம் பிள்ளை. ரோமாபுரிக்காரர் அவளைப் பற்றி எழுதினதிலை ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சது. நல்ல உயரம், இடுப்பு வரைக்கும் தலைமயிர், குரல் முரடு எண்டு எழுதியிருக்கினம். இனிமையான குரல் எண்டு அவங்களே சொல்லேல்லை. அப்பிடியே எடுங்கோ.”

சிவப்பு விளக்கு எரிந்தது. வாசித்தேன். அவளையும் அவள் மகள்களையும் ரோமர்கள் கொடுமைப்படுத்தினார்கள். அதனால் அவள் எழுந்தாள். அந்த இரண்டு பெண்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. போருக்கு முன் அவள் பேசியதாக ரோமர்கள் ஒரு பேச்சை எழுதினார்கள். அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்பது நமக்குத் தெரியாது. தோற்றாள். அதோடு நிறுத்தினேன். மகள்களின் பெயரைப் பற்றிய வரியும் அந்தப் பேச்சை எழுதியது யார் என்ற வரியும் பிரதியில் இல்லை. யாரிடமும் கேட்டு அனுமதி வாங்கியதும் இல்லை. விக்னேஷ் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லவில்லை.

“இன்னொரு டேக்?” என்றாள் ரோசி, பழக்கத்தில்.

“இல்லை,” என்றோம் விக்னேஷும் நானும் ஒரே நேரத்தில்.

கடைசி நாளில் வேல்ஸ் நாட்டு ஓவைன் கிளிந்தூர். 1400இல் ஆங்கிலேய மன்னனுக்கு எதிராக எழுந்து, தன்னை வேல்ஸின் இளவரசனாக அறிவித்தவன். கோட்டைகள் ஒவ்வொன்றாகப் போன பிறகும் பிடிபடவில்லை. யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. மன்னிப்புத் தருகிறோம் என்று அரசன் சொல்லியனுப்பியும் வந்து வாங்கிக்கொள்ளவில்லை. அவன் எங்கே செத்தான், எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இந்தப் பிரதியில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. மன்னிப்பு என்ற இடம் வந்ததும் விக்னேஷ் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

புறப்படும்போது பி.ஜி. வாசலில் சைத்ரா என்னைக் கட்டிப்பிடித்துக் காதில் ஒரே மூச்சில் நிறையச் சொன்னாள். கீர்த்தனா மொழிபெயர்க்க வாயெடுத்து, நிறுத்திவிட்டாள். “அதை விடுங்க மேடம். உங்களுக்கே புரிஞ்சிருக்கும்.” புரிந்திருந்தது. மிச்சமிருந்த கறித்தூளை சைத்ராவிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

ஊர் வந்து சில மாதங்களாகிவிட்டன. தொகுப்பு வெளியாகிவிட்டது. பூடிக்காவின் பகுதியில் குரல் கரடுமுரடாக இருப்பதாக நிறுவனத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது. நான் பதில் எழுதவில்லை. ரோசியை விளம்பரப் பிரிவுக்கு மாற்றினார்கள். சோப்புக்கும் சட்டைக்கும் ஒலி பதிவு செய்து சலித்துப்போய், அவள் வேறு கூடத்துக்குப் போய்விட்டாள். அங்கே சம்பளம் குறைவு, தூக்கம் அதிகம் என்கிறாள். இதே தொகுப்பின் கன்னட வடிவத்தில் பூடிக்கா இன்னும் வரிக்காகத்தான் கலகம் செய்கிறாளாம். சைத்ரா அதைக் கேட்டுவிட்டு, பி.ஜி. பெண்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு நிறுவனத்துக்கு வாராவாரம் புகார் எழுதுகிறாள். அவர்கள் பதில் போடுவதை நிறுத்திவிட்டார்கள், அவள் எழுதுவதை நிறுத்தவில்லை.

போன வாரம் விக்னேஷ் கூப்பிட்டார். அடுத்த தமிழ்த் தொகுப்பு ரோமச் சக்கரவர்த்திகளைப் பற்றியதாம். வேறு குரல் எடுத்துவிட்டார்கள். நல்ல இனிமையான குரல், என்னிடம் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை என்றார்.

பரவாயில்லை தம்பி என்றேன். சக்கரவர்த்திகளுக்குக் குரல் கிடைக்காமல் போன காலம் எது?